கடலோர ஊர்களுக்கு பஸ்ஸில் போய் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஏதாவது ஒரு கடலோர ஊருக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து பக்கத்து ஊர்வரை நடந்து, வேறு பஸ் பிடித்து வீடு திரும்புவது என் வழக்கம். அலுவலகத்திலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் இதைச் சொன்னால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் போய்வருவது தமிழ்நாட்டுக் கரை மட்டும்தான், அதனால் பதில்களும் அதற்குத்தான்.

கார் இல்லாம, வெறும் பஸ்ஸை நம்பி கடலோர ஊருக்கெல்லாம் போக முடியுமா அக்கா?

முடியும். தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கி.மீ. என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம், திருவள்ளூர் தொடங்கி கன்னியாகுமரி வரை 14 மாவட்டங்கள் அதில் வருகின்றன. மீன் விற்கப் போகிற பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தினமும் டவுனுக்குப் போய்வர வேண்டும் என்பதால், சின்னக் குப்பத்துக்குக்கூட ஒரு டவுன் பஸ்ஸோ மினி பஸ்ஸோ இருக்கும். உள்ளே வராவிட்டாலும் மெயின் ரோட்டில் நிற்கும். அந்தப் பிரிவை சென்னைப் பக்கம் கூட்டுரோடு என்பார்கள், டெல்டாவில் கைகாட்டி, திருநெல்வேலி தூத்துக்குடிப் பக்கம் விலக்கு. நடத்துநரிடம் இந்த வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

உண்மையில் நடைக்கு பஸ்தான் காரைவிட வசதி. கார் என்றால் எவ்வளவு தூரம் நடந்தாலும் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், அதாவது பாதி நேரம் பார்த்த கரையையே மறுபடி பார்க்கிறோம். பஸ்ஸில் போனால் ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறலாம்.

முதல் தடவை போறேன். எங்க போகலாம்?

தரங்கம்பாடி. யோசிக்கவே வேண்டாம். மயிலாடுதுறை வரை ரயிலில் வந்துவிடலாம், அங்கிருந்து பொறையாறு போகிற பஸ்ஸில் ஏறினால் போதும். சிதம்பரம், காரைக்கால் பஸ்களும் இந்த வழியாகவே ஓடுகின்றன. பஸ் அடிக்கடி இருப்பதால் திரும்புவதைப் பற்றிய பதற்றமே இருக்காது, முதல் நடைக்கு இதுதான் முக்கியம்.

இறங்கியதும் 1792-இல் கட்டிய நகர வாயில் வரும். அதற்குள் நுழைந்து ராஜ வீதியில் நேராக நடந்தால் பத்து நிமிடத்தில் கடல். வழியிலேயே புது எருசலேம் ஆலயம், 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718-இல் கட்டியது, அவர் கல்லறையும் உள்ளேதான். கடைசியில் டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, மஞ்சள் சுவரோடு கடலைப் பார்த்தபடி நிற்கும். அதற்கு வடக்கே கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, அதில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் முதலில் போனபோது கோட்டையில் பத்து நிமிடம், இந்தக் கோயில் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அலை வந்து கல்லில் அடிக்கும்போது உட்கார்ந்திருக்கிற இடம் லேசாக அதிரும். ஒரு ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது என்றால் என்ன என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

ஜனவரியிலிருந்து மார்ச் பாதி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கலங்கி, கரை சுருங்கி, பாதைகளில் தண்ணீர் நிற்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எண் எதுவாக இருந்தாலும் அந்த வாரம் வீட்டில் இருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரை மட்டும் கணக்கில் மாறும், அங்கே ஜூன் முதலே தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கத் தொடங்கிவிடும்.

மீன்பிடித் தடைக்காலமும் தெரிந்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மேற்கே ஜூன், ஜூலை. விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும், நாட்டுப்படகு மட்டும் போகும். ஏல மும்முரம் பார்க்க ஆசைப்பட்டால் அப்போது போகாதீர்கள். ஆனால் படகைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை சரிசெய்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும், மனிதர்களுக்கும் பேச நேரம் இருக்கும். வெயிலைத் தாங்க முடிந்தால், காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் முடிகிற மாதிரி அந்தக் காலத்திலும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

நான் தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிற ஆள். ஒரே நாள்ல பதினஞ்சு கிலோமீட்டர் போகலாம்ல?

ரோட்டில் போகலாம். மணலில் அதே பதினைந்தை நினைக்காதீர்கள், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணலில் கால் புதையும், ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை இழுக்கும். அலை வந்துபோன ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு பக்க இடுப்பும் முட்டியும் மட்டும் வலிக்கும். அதனால் நான் கொஞ்ச தூரம் ஈர மணல், கொஞ்ச தூரம் ஊருக்குள் தெரு என்று மாற்றி மாற்றிப் போகிறேன்.

நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் கூடும், ஒடுக்கமான கரையில் நடக்க இடமே இல்லாமல் போகலாம். முதல் சில தடவை ஆறு, ஏழு கி.மீ. போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துணி, காலுக்குப் பட்டை வைத்த செருப்பு. ஷூவுக்குள் மணல் புகுந்தால் அன்றைக்குக் கொப்புளம் நிச்சயம்.

பஸ் நேரம் எங்க பார்க்கிறது? கூகுள்ல ஒண்ணுமே காட்டலையே!

காட்டாது. சென்னையைத் தாண்டினால் கிராமத்து பஸ் நேரம் இணையத்தில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பழசாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் உட்கார்ந்திருக்கும் அறைக்குப் போய்க் கேளுங்கள். "முட்டம் பஸ் எப்போ?" என்று கேட்டால் அடுத்த பஸ்ஸை மட்டும் சொல்வார். "முட்டத்துலேர்ந்து சாயந்திரம் கடைசியா கிளம்புறது எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். போகிற பஸ் கிடைக்கும், அதில் சிக்கலே இல்லை. திரும்புகிற பஸ்தான் உங்கள் நடையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது, நான் எப்போதும் திட்டத்தை அங்கிருந்துதான் பின்னோக்கிப் போடுகிறேன்.

அப்புறம், போகும்போதே அந்த பஸ் நடத்துநரிடம் ஒரு முறை, ஊரில் இறங்கியதும் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் ஒரு முறை கேளுங்கள். மூன்றில் இரண்டு பதில் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் சீக்கிரமான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் இரவு கடைசியாக வருகிற பஸ் அங்கேயே தங்கிவிடும், ஹால்ட் பஸ் என்பார்கள், விடிகாலையில் அதுதான் முதல் பஸ்ஸாகக் கிளம்பும். இரவு ஒன்பது மணிக்கு பஸ் வருகிறது என்று யாராவது சொன்னால், அது திரும்பிப் போகிறதா, தங்குகிறதா என்று கேட்காமல் விடாதீர்கள்.

கடைசி பஸ் போயிட்டா என்ன பண்றது?

மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அங்கே ரூட் பஸ்கள் இரவு நேரத்திலும் ஓடும். எனக்கு டெல்டாவில் ஒரு முறை நேர்ந்தது. ஐந்தரை மணி பஸ் வரவில்லை, ஆறும் ஆகிவிட்டது. டீக்கடைப் பாட்டி தம்ளரைக் கழுவிக்கொண்டே, "இன்னைக்குத் தேரும்மா, பஸ்ஸு உள்ள வராது, கைகாட்டிக்குப் போயிடு" என்றார். நான் கேட்டபோது நேரத்தைச் சொன்னார்களே தவிர திருவிழா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு கி.மீ. இருட்டுகிற நேரத்தில் உப்பளத்து ரோட்டில் நடந்தேன். பாதி வழியில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய லோடு ஆட்டோ ஒன்று ஏற்றிக்கொண்டது, முன்னால் டிரைவரின் மனைவியும் கைக்குழந்தையும் இருந்ததால் நானும் தயங்காமல் ஏறினேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பஸ் குறைவான ஊரில் இறங்கி, பஸ் அதிகமான ஊரை நோக்கி நடப்பேன். எதிர்த் திசையில் ஒருபோதும் இல்லை.

டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்தானே, இந்த ஊர்களுக்கும் செல்லுமா?

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, விடியல் பயணம் என்று பெயர். அந்த வகை பஸ் கடலோர ஊருக்குப் போனால் அங்கும் செல்லும். ரூட் பஸ், எக்ஸ்பிரஸ், தனியார் மினி பஸ் ஆகியவற்றில் செல்லாது. ஏறுமுன் முகப்பைப் பாருங்கள், சந்தேகமிருந்தால் கேளுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

தனியா ஒரு பொண்ணு போறது சரியா வருமா? பயமா இல்லையா?

நான் தனியாகத்தான் அதிகம் போகிறேன். காலை நேரத்தில் மீனவர் ஊர்க் கரை ஆளில்லாத இடமே அல்ல, பெண்கள்தான் அங்கே வியாபாரத்தின் நடுவில் இருக்கிறார்கள். மீனை ஏலம் எடுப்பதும் கூடை சுமப்பதும் உப்புப் போட்டுக் கருவாடு காயவைப்பதும் அவர்கள். கரைக்கு வந்ததும் முதலில் அவர்களில் ஒருவரிடம் வழி கேளுங்கள். "எங்கேர்ந்து வரே, தனியாவா வந்தே, சாப்பிட்டியா" என்று மூன்று கேள்வி வரும். பதில் சொல்லிவிட்டால் அந்த ஊரில் உங்களைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

நான் தவிர்ப்பது இரண்டு ஊர்களுக்கு நடுவில் சவுக்குத் தோப்பு மட்டும் இருக்கிற நீண்ட கரையை, குறிப்பாக மதியத்துக்குப் பின். அங்கே ரோட்டு வழியாகவே போய்விடுவேன், அல்லது ஒரு துணையோடு போவேன். கரையோரம் கூட்டமாகக் குடித்துக்கொண்டிருப்பவர்களைத் தூரத்திலேயே பார்த்தால் ஊர்ப் பக்கம் திரும்பிவிடுங்கள்.

பாத்ரூமுக்கு என்ன பண்ணுவீங்க? இதைக் கேட்கத்தான் கூச்சமா இருக்கு

கூச்சமே வேண்டாம், இதனால்தான் பல பெண்கள் கிளம்புவதே இல்லை. பஸ் மாறுகிற டவுனில், ஸ்டாண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பெரிய தேவாலயம், தர்கா, கோயில் இருந்தால் வளாகத்தில் வசதி இருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் மேலே சொன்ன மாதிரி பேச்சுக் கொடுத்த பெண்ணிடம் நேராகக் கேளுங்கள். இதுவரை எந்த வீட்டிலும் எனக்கு இல்லை என்று சொன்னதில்லை. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடப்பதுதான் ஆபத்து.

குப்பத்துக்குள்ள சும்மா நடந்தா யாராவது ஏதாவது சொல்வாங்களா? போட்டோ எடுக்கலாமா?

நமக்கு அது கடற்கரை, அவர்களுக்கு அது வீட்டு வாசலும் வேலைத்தளமும். ஒருவர் வீட்டு முற்றத்தைக் கடந்து போகும்போது எப்படிப் போவோமோ அப்படிப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். படகில் செருப்புக் காலோடு ஏறாதீர்கள். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துவது அங்கிருப்பவர் எல்லோர் கண்ணிலும் படும்.

கரைவலை இழுக்கிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவார்கள். கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து மறுபடி பிடிப்பார். இப்படி மணிக்கணக்கில் இழுத்து வலையின் மடி கரையேறும்போது, சில நாள் ஒரு கூடை நெத்திலிகூடத் தேறாது. அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே போனை நீட்டி "என்ன மீன் கிடைச்சுது?" என்று கேட்பது நியாயமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள். குளிக்கிற இடம், வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், குழந்தைகள் ஆகியோரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. கயிறு இழுக்கும்போது அதைக் குறுக்கே கடக்காதீர்கள், திடீரென்று விறைத்தால் காலை வாரிவிடும்.

கரையோரமாவே நேரா நடந்தா அடுத்த ஊர் வந்துடும்தானே? மேப்ல மணலாத்தானே காட்டுது

இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு முகத்துவாரம் இருக்கும். பாலாறு, வெள்ளாறு, கொள்ளிடம் மாதிரி பெரியவை மேப்பிலேயே தெரியும். சின்ன ஆறுகளின் வாய் கோடையில் மணல் திட்டால் அடைபட்டிருக்கும், மழை வந்தால் உடைத்துக்கொண்டு ஓடும். மேப்பில் இருக்கிற படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் உங்களுக்கு மணலாகத் தெரியும், நேரில் போனால் இடுப்பளவு தண்ணீர் கடலுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும். அதில் இறங்காதீர்கள், முழங்கால் அளவு என்று யாராவது சொன்னாலும் வேண்டாம், ஆறும் அலையும் சேர்கிற இடத்தில் காலடி மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். கிளம்பிய ஊரிலேயே "வாய் திறந்திருக்கா, அடைச்சிருக்கா?" என்று கேளுங்கள். திறந்திருந்தால் பாலம் இருக்கிற ரோடுதான் வழி.

இன்னொன்று, மண் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள். கல் பாசி பிடித்து வழுக்கும், மேலேறித் தாண்ட முயலாமல் ஊருக்குள் சுற்றிப் போங்கள். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையப் பகுதிகளும் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கென எடுத்த இடமும் நாம் நடக்கிற இடங்கள் இல்லை. வேலியோ பலகையோ கண்டதும் திரும்பிவிடுங்கள்.

கடல்ல இறங்கலாமா? முட்டி அளவுக்குத்தான்...

கால் நனைக்கலாம், ஊர்க்காரர்கள் இறங்குகிற இடத்தில் மட்டும். அலைகள் வரிசையாக உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அலையே உடையாமல் கருப்பாக, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் உள்ளே இழுக்கிற நீரோட்டம். பார்க்க அதுதான் பத்திரமான இடம் மாதிரி இருக்கும், அங்கேதான் ஆட்கள் போகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும்.

தென்கோடியில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல், எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய பேரலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது இந்த எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது, செய்தியிலும் வரும். கிளம்புகிற அன்று காலை பார்த்துவிட்டுப் போங்கள்.

தரங்கம்பாடி முடிச்சாச்சு. அடுத்தது?

மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து பஸ். மெயின் ரோட்டில் போகிற பஸ் என்றால் மணப்பாடு விலக்கில் இறங்கி நடக்க வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் 1581-ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே 1542-இல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் கண்ணாடி மாதிரி உப்பங்கழி. அந்த வட்டாரத்துச் செம்மணல் தேரியையும் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். திரும்பும்போது உடன்குடி வழியாக வந்தால் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து பஸ், வழியில் அகஸ்தியம்பள்ளி, 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பெடுத்த இடம் அங்கேதான், தூண் இருக்கிறது. இன்றும் ரோட்டுக்கு இருபுறமும் உப்பளம். கோடியக்கரையில் நிலம் சட்டென்று மேற்கே திரும்புகிறது, அதுவரை கிழக்கே இருந்த கடல் தெற்கே வந்துவிடும். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டும்தான் போகலாம், வெளிமான்கள் கூட்டமாக நிற்கும், குளிர்காலத்தில் பூநாரைகளும் வரும்.

சென்னைக்காரர்கள் பொன்னேரி வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போகலாம், வாசலில் எலும்புக்கூடு சிற்பம் செதுக்கிய டச்சுக் கல்லறையைப் பார்க்காமல் வராதீர்கள். நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து முட்டம் போய், கடியபட்டினம் வரை நடப்பதும் நல்ல நடை. ஆனால் அந்தப் பக்கம் வள்ளியாறு கடலில் சேர்கிறது, முகத்துவாரம் பற்றி மேலே சொன்னது இங்கே பொருந்தும்.

தனுஷ்கோடிக்கு நடந்தே போகலாமா?

2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது, ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸும் போகிறது. முழுதும் நடப்பது வீண் சிரமம், நிழல் ஒரு சொட்டு இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரும் ரயில் நிலைய எச்சங்களும் இருக்கிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து முனைவரை காலையில் நடந்து, பஸ்ஸில் திரும்புங்கள். மாலையானால் உள்ளே விட மாட்டார்கள். இடிபாடுகளை ஒட்டிக் கூரை போட்டு இன்னும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன, தண்ணீருக்கு அவர்கள் படுகிற பாடு பெரிது. உங்களுக்கு வேண்டிய தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி. கூட்டிட்டுப் போகலாமா?

கூட்டிப் போங்கள். மணலை விட்டுவிடுங்கள், தரங்கம்பாடி மாதிரி தெருவே கடல்வரை போகிற ஊர்கள்தான் அவருக்கு. அங்கே நடை ஒன்றரை கி.மீ.க்குள் முடிந்துவிடும், வழியெல்லாம் உட்காரத் திண்ணையும் படியும் உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபோஜி மன்னர் கட்டிய மனோராவுக்குப் போகலாம், கோபுரத்தில் ஏறாமல் கீழேயே காற்று வாங்கலாம்.

கூட்டம் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், பள்ளி விடுகிற நேரம் வேண்டாம். கிழக்குக் கரையில் தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், டவுன் பஸ்ஸில் பெண்கள் இருக்கையும் பெரும்பாலும் இடப்பக்கம்தான், அம்மாவுக்கு ஜன்னலோரம் கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது கடல் வலப்பக்கம் வந்துவிடும், ஆனால் அந்நேரம் அவர் தூங்கிவிடுவார்.